பாண்டிக்கு நோய் இல்லை, மணல் வேண்டும்

கேள்வி: எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகனுக்காகக் கார்த்திகை மாதம் சென்னையில் ஒரு கடையில் ‘வெய்ல்டு’ வகைப் பச்சோந்திக் குட்டி வாங்கினோம். ஆண் என்று சொல்லிக் கொடுத்தார்கள். மகன் பாண்டி என்று பெயர் வைத்தான். வந்தபோது வால் சேர்த்து ஒரு சாண்கூட இல்லை. இளம்பச்சையாக இருக்கும், கையை நீட்டினால் ஏறித் தோளில் உட்கார்ந்துகொள்ளும். இப்போது தலையில் கொண்டை முளைத்து ஆளே மாறிவிட்டது. ஒரு வாரமாகச் சரியாக இரை எடுப்பதில்லை. உடம்பு கரும்பச்சையாகி, மஞ்சளும் நீலமுமாகப் புள்ளிகள் விழுந்திருக்கின்றன. மூன்று நாளாகக் கூண்டின் அடியில் இறங்கி மூலையைப் பிறாண்டிக்கொண்டே இருக்கிறது. மகன் கையைக் கொண்டுபோனால் வாயைப் பிளந்து சீறுகிறது, அவன் அழுகிறான். சிவப்புத் துண்டில் விட்டுப் பார்த்தான், சிவப்பாகவும் மாறவில்லை. பக்கத்து வீட்டு ஆச்சி, “பாவம், தோப்புல விட்டுருங்கய்யா” என்கிறார். துணையில்லாத ஏக்கமோ என்று என் மனைவி நினைக்கிறாள். நோயா? ஜோடி வாங்கிவிடட்டுமா? படங்கள் இணைத்திருக்கிறேன்.

வாசகர், பாளையங்கோட்டை

பதில்:

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

இதைப் படித்த கையோடு ஒரு வாளி ஈர மணலுக்கு ஏற்பாடு செய்யுங்கள். மணலை வைத்துவிட்டு வந்து மீதியைப் படிக்கலாம். பாண்டி ஆண் இல்லை, பெண். வயதுக்கு வந்துவிட்டாள், வயிற்றில் முட்டை இருக்கிறது. மூன்று நாளாக அவள் மூலையைப் பிறாண்டுவது முட்டையிட மண் தேடித்தான். தோண்ட இடம் கிடைக்காவிட்டால் முட்டையை உள்ளேயே அடக்கிக்கொள்வாள். அது உயிருக்கே ஆபத்தாக முடியும்.

பெண் என்பதை உங்கள் படமே சொல்லிவிட்டது. இந்த வகையில் ஆண் குஞ்சு முட்டையிலிருந்து வரும்போதே பின்னங்காலின் குதியில் சின்னதாக ஒரு முள்ளோடு வரும். சேவலுக்கு இருப்பது மாதிரி கூர்மையாக இருக்காது. ஒரு சதைக் குமிழ் போலத்தான் தெரியும். ஆனால் பிறந்த நாளிலிருந்தே இருக்கும். கம்பைப் பிடித்தபடி பக்கவாட்டில் எடுத்த படத்தில் இரண்டு பின்னங்கால்களும் தெளிவாகத் தெரிகின்றன. முள் இல்லை. தலைக் கொண்டையைப் பார்த்து ஆண் என்று முடிவு செய்வது பலருக்கும் நேர்வதுதான், ஏனென்றால் பெண்ணுக்கும் கொண்டை உண்டு. ஆணுக்கு அது இன்னும் உயர்ந்து, அகன்று நிற்கும். வயிற்றின் பக்கவாட்டில் உருண்டை உருண்டையாகத் தோல் புடைத்திருப்பதும் அதே படத்தில் இருக்கிறது. அவை முட்டைகள்.

ஆண் துணையே இல்லாமல் எப்படி முட்டை என்று மதினி கேட்பார்கள். நாம் வளர்க்கும் கோழி சேவல் இல்லாமலும் முட்டையிடுவதைப் போலத்தான். வெய்ல்டு பச்சோந்தி நாலு, ஐந்து மாதத்திலிருந்தே பருவத்துக்கு வரத் தொடங்கும். நன்றாக இரை கிடைத்து, சூடும் வெளிச்சமும் கிடைத்தால், ஆணை ஒரு தடவைகூடப் பார்க்காத பெண்ணும் முட்டை கட்டிவிடும். அந்த முட்டையில் கரு இருக்காது, குஞ்சு வராது. ஆனால் உடம்பு படும் பாடு ஒன்றுதான். முட்டை ஓட்டுக்கான சுண்ணாம்புச் சத்து அவள் எலும்பிலிருந்தும் இரத்தத்திலிருந்தும்தான் போக வேண்டும்.

இனி மணல். புது பெயின்ட் வாளி, அல்லது பழையதென்றால் வாடையே இல்லாமல் நன்றாகக் கழுவிக் காயவைத்த வாளி ஒன்று எடுங்கள். வாயகலம் ஒரு அடிக்குக் குறையக் கூடாது. உள்ளே ஒரு அடி ஆழத்துக்கு மணல் வேண்டும். கட்டட வேலைக்கு வந்த ஆற்று மணல் அக்கம்பக்கத்தில் எங்காவது ஒரு சாக்கு கிடக்கும். அதைச் சலித்து, கல்லும் சிப்பியும் நீக்கி, தண்ணீர் தெளியும்வரை அலசுங்கள். எம்-சாண்ட் வேண்டாம், அதன் கூர் அவள் விரலைக் கிழித்துவிடும். அலசிய மணலில் கொதிநீர் ஊற்றி ஆறவிட்டால் புழு, பூச்சி போய்விடும். ஈரம் எவ்வளவு என்பதுதான் முக்கியம். ஒரு பிடி எடுத்துக் கையில் இறுக்கினால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் சொட்டக் கூடாது. வாளியில் நிரப்பித் தட்டி, நடுவில் இரண்டு விரலால் ஒரு சாண் குழி தோண்டிப் பாருங்கள். குழியின் சுவர் சரியாமல் நின்றால் சரி. சரிந்தால் அவள் தோண்டத் தோண்ட மண் மேலே விழும், வெறுத்துப்போய் ஏறிவிடுவாள். நீங்கள் தோண்டிய குழியைச் சிறிது அப்படியே விட்டுவையுங்கள், இங்கே தோண்டலாம் என்று அவளுக்குப் புரியட்டும்.

வாளியைக் கூண்டுக்குள் வையுங்கள். கூண்டு சிறிது என்றால் அவளை அப்படியே வாளியில் விட்டு, மேலே காற்றுப் போகும்படி வலை போட்டு, ஒரு குச்சியையும் சாய்த்து வையுங்கள். பிறகு கூண்டின் மூன்று பக்கமும், முன்பக்கத்தில் பாதியும் பழைய வேட்டியால் மறைத்துவிடுங்கள். அதற்கப்புறம் யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது. இதுதான் தம்பிக்குக் கஷ்டமான பகுதி. யாரோ பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் தோண்டிக்கொண்டிருக்கும் பெண் அப்படியே நிறுத்திவிடும். சில சமயம் அந்த இடத்துக்குத் திரும்பி வரவே வராது. துணியில் ஒரு சின்ன ஓட்டை வைத்து, அவள் தலை தெரியாத பக்கமாக அவன் சத்தமில்லாமல் பார்க்கலாம். காலையும் மாலையும் இலைமேல் தண்ணீர் தெளிக்க மட்டும் கை உள்ளே போகட்டும்.

அவள் ஒன்றிரண்டு இடத்தில் தோண்டிப் பார்ப்பாள். பிடித்த இடத்தில் தலை முதலில் உள்ளே போய், உடம்பே மறைகிற அளவுக்குச் சுரங்கம் மாதிரி இறங்குவாள். இராத்திரி முழுக்க உள்ளேயே படுத்திருந்தாலும் தோண்டி எடுத்துவிடாதீர்கள். பிறகு திரும்பி, வாலை உள்ளே வைத்து முட்டையிடுவாள். வெள்ளையாக, நீள உருண்டையாக, தோல் மெத்தென்று இருக்கும். இருபது, முப்பது முட்டை சாதாரணம். மிதமிஞ்சித் தீனி தின்ற பெண் எண்பதுக்கு மேலும் இட்டதுண்டு. இட்டு முடித்ததும் மண்ணைத் தானே தள்ளி மூடி, காலால் தட்டிச் சமப்படுத்துவாள். எத்தனையோ பிராணிகளுக்குப் பேறு பார்த்த எனக்கும் அந்தத் தட்டுதல் இன்றும் வியப்புத்தான். யாரும் சொல்லிக்கொடுக்காமல், ஒரு தாயையும் பார்க்காமல் கூண்டில் வளர்ந்த உயிர், மேலே பார்த்தால் தோண்டிய அடையாளமே தெரியாதபடி மூடிவிட்டுப் போகிறது.

மணல் வைத்த பிறகு அவள் ஓரிரு நாளில் இட்டுவிட வேண்டும். அதற்குள்ளோ அதற்குப் பிறகோ பகலில் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தால், கண் உள்ளே குழிந்துபோனால், கம்பைப் பிடிக்க முடியாமல் நழுவினால், தோண்டுவதை விட்டுத் தரையில் தளர்ந்து படுத்தால், முக்கியும் முட்டை வராவிட்டால், விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அது முட்டை அடைப்பு. எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கிற வசதியும் ஊர்வனவற்றைக் கையாண்ட பழக்கமும் உள்ள மருத்துவர் வேண்டும். ராமையன்பட்டியில் நம் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. முன்கூட்டியே பேசி, பச்சோந்தி, முட்டை அடைப்புச் சந்தேகம் என்று சொல்லிவிட்டுப் போங்கள். அட்டைப்பெட்டியில் ஒரு குச்சியைக் கட்டி, காற்றோட்டத்துக்கு ஓட்டை போட்டு, ஈரத்துணி விரித்து எடுத்துச் செல்லுங்கள். வெயிலில் நிற்கும் காரில் ஐந்து நிமிடம்கூட விட்டுவிடாதீர்கள். அங்கே நீர் ஏற்றுவார்கள், கால்சியம் போடுவார்கள், தேவைப்பட்டால் முட்டையை வெளியேற்ற ஊசி போடுவார்கள், அதற்கும் அடங்காவிட்டால் அறுவை சிகிச்சை. இந்த வரிசை முக்கியம்: நீரும் கால்சியமும் இல்லாத உடம்பில் ஊசியை மட்டும் போட்டால் கெடுதல்தான். வீட்டில் விளக்கெண்ணெய் புகட்டுவது, வயிற்றை நீவிவிடுவது இரண்டும் கூடவே கூடாது. மெல்லிய தோல் முட்டைகள் உள்ளே உடைந்தால் காப்பாற்றுவது மிகவும் கடினம்.

இட்டு முடித்து மேலே வருகிறவளைப் பார்த்தால் பயந்துவிடுவீர்கள். வயிறு ஒட்டி, தோல் தொங்கி, இடுப்பெலும்பு தெரியும். உடனே வெகுநேரம் தண்ணீர் தெளியுங்கள், குடித்துக்கொண்டே இருப்பாள். சில நாட்கள் கால்சியம் பொடி தூவிய இரையைத் தினமும் வயிறாரக் கொடுங்கள். முட்டைகளை எடுத்து அப்புறப்படுத்திவிடலாம். கருவில்லாதவை, மெல்ல மஞ்சளாகிச் சுருங்கிப்போகும். குட்டியாக இருந்தபோது கடையில் ஆணோடு ஒரே கூண்டில் கிடந்திருந்தால் என்று தோன்றலாம். அந்த வயதில் பருவம் வந்திருக்காது, அதனால் கவலை வேண்டாம். மணல் வாளியை மட்டும் எடுத்துவிடாதீர்கள். இதே வருஷத்தில் இன்னொரு தடவை, மூன்று தடவைகூட முட்டை கட்டலாம்.

அதைக் குறைக்க வழி இருக்கிறது. பலர் செய்யாமல் விடுவது இதைத்தான். குட்டிக்கு எவ்வளவு தின்றாலும் கொடு என்பது சரி. அது வளர்கிற வயது, தினமும் இரண்டு வேளைகூடத் தின்னும். அதே பழக்கத்தைப் பருவம் வந்த பெண்ணுக்கும் தொடர்ந்தால், உண்ட அத்தனையும் முட்டையாகிறது. தேறிய பிறகு ஒன்றுவிட்டு ஒரு நாள், நாலைந்து சிள்வண்டு அல்லது கரப்பு போதும். அவள் தீனி கேட்டுக் கூண்டின் முன்னால் வந்து நிற்பாள். தம்பிக்கு மனசு கேட்காது. ஆனால் அந்தக் கட்டுப்பாடுதான் அவளுக்கு ஆயுள். வெயில் காயும் இடத்தின் சூடும் பெண்ணுக்கு 27 டிகிரி அளவில் இருந்தால் போதும். ஆணுக்குச் சொல்லும் முப்பது, முப்பத்திரண்டு வேண்டியதில்லை.

இங்கேதான் நம் ஊர் வெயில் குறுக்கே வருகிறது. இந்தப் பச்சோந்தியின் சொந்த மண் யேமனும் சவுதி அரேபியாவின் தென்மேற்கு மூலையும். அரபு நாடு என்றதும் பாலைவனப் பிராணி, சூடு தாங்கும் என்று நினைத்துவிடுகிறார்கள். அது வாழ்வது பாலை மணலில் அல்ல. மழை விழும் மலைச்சரிவுகளிலும், மரம் செடி நிற்கும் ஓடைப் பள்ளத்தாக்குகளிலும். பகலில் சூடேறினாலும் இராத்திரி குளிரும். சித்திரை, வைகாசியில் பாளையங்கோட்டை 40 டிகிரியைத் தொடும், நடுராத்திரியிலும் சுவர் சூடு ஆறாது. இந்த இரண்டு மாதத்துக்கு அவளுக்குச் சூடேற்றும் பல்பே வேண்டாம். மாடியறை வேண்டாம். கீழ் வீட்டில், குறுக்குக் காற்றோடும் வடக்குப் பக்கம், வலைக்கூண்டில் வையுங்கள். கண்ணாடித் தொட்டி என்றால் இன்றே மாற்றுங்கள். வாய் பிளந்தபடி, உடம்பு வெளிறி உட்கார்ந்திருந்தால் அது கோபமில்லை, சூடு தாங்கவில்லை என்று அர்த்தம். சாரல் தொடங்கிவிட்டால் நம் ஊரே அவளுக்கு ஏற்ற ஊர்தான்.

தண்ணீர்க் கிண்ணம் வைத்திருப்பது படத்தில் தெரிகிறது. அதை எடுத்துவிடலாம். தேங்கி நிற்கும் நீரை இவை குடிநீராகக் கண்டுகொள்வது அரிது. இலையில் உருளும் துளியைத்தான் நக்கிக் குடிக்கும். செம்பருத்திக் கிளையும் மணி பிளான்டும் கூண்டுக்குள் இருக்கட்டும். வளர்ந்த பிறகு இவள் இலையையும் கடித்துத் தின்பாள், அது இந்த வகையின் இயல்பு. அதனாலேயே அரளிக் கிளையை உள்ளே வைத்துவிடாதீர்கள். முற்றத்தில் அழகாக நிற்கிறதே என்று வைத்தவர்கள் உண்டு. இலை, பூ எல்லாமே நஞ்சு.

இப்போது பொதுவாக அவள் எப்படி மாறுகிறாள் என்ற கதைக்கு வருகிறேன். நீங்கள் பார்த்துப் பயந்த பாதி மாற்றம் இயல்பானது. முட்டையிலிருந்து வரும்போது வால் சேர்த்து ஏழிலிருந்து பத்து சென்டிமீட்டர், ஒரே சீரான இளம்பச்சை, கொண்டை இருந்த இடத்தில் ஒரு சிறு மேடு. வளர வளரத் தோல் உரியும். குட்டிக்கு மாதம் ஒரு தடவைபோல, பெரிதானால் இடைவெளி நீளும். பாம்புச் சட்டைபோல் முழுசாகக் கழலாது. வெள்ளைக் காகிதம் கிழிந்த மாதிரித் துண்டு துண்டாக உதிரும். பிய்த்துவிடாதீர்கள். மூன்று, நான்கு மாதத்தில் பக்கவாட்டில் பட்டைகள் தெளியும், கொண்டை எழும்பும். ஒரு வயதில் பெண் வால் சேர்த்து 25 முதல் 35 சென்டிமீட்டர். ஆண் என்றால் 45, அறுபதுவரைகூடப் போகும்; பட்டைகளும் மஞ்சளும் நீலப்பச்சையுமாகப் பளீரென்று இருக்கும். அதன் பிறகு உருவத்தில் பெரிய மாற்றமில்லை. நன்றாக வளர்த்தால் ஆண் ஆறு முதல் எட்டு வருஷம், பெண் ஐந்து வருஷம் போல இருக்கும். அந்த வித்தியாசத்தில் பெரும் பங்கு முட்டைக்குத்தான்.

நிறம் விஷயத்தில் தம்பிக்கு ஏமாற்றம் இருப்பது கடிதத்தில் தெரிகிறது. துண்டு சிவப்பாக இருப்பதற்காகப் பச்சோந்தி சிவக்காது. எந்த வயதிலும் சிவக்காது. அது நிறம் மாறுவது உடம்புச் சூட்டுக்காகவும் மனநிலைக்காகவும், மற்ற பச்சோந்தியிடம் சேதி சொல்லவும்தான். காலையில் குளிர்ந்திருக்கும்போது கருத்துக்கொள்ளும், கருப்பு வெயிலை நன்றாக வாங்கும் என்பதால். தூங்கும்போது வெளிறிவிடும். தோலுக்கடியில் நடப்பதை 2015இல் ஜெனீவா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் மடகாஸ்கரின் பாந்தர் பச்சோந்தியில் காட்டினார்கள். தோல் செல்களுக்குள் குவானின் என்ற பொருளின் நுண்படிகங்கள் வரிசையாக அடுக்கியிருக்கின்றன. பிராணி அமைதியாக இருக்கும்போது அவை நெருங்கி நின்று நீல ஒளியைத் திருப்பி அனுப்பும். தோலிலுள்ள மஞ்சளோடு சேர்ந்து நமக்குப் பச்சையாகத் தெரியும். கிளர்ச்சி வந்தால் படிகங்கள் விலகி மஞ்சள், சிவப்பு ஒளி வெளியே வரும். பாந்தர் வகையில் இந்தப் படிகச் செல்களின் மேலடுக்கு முழுசாக வளர்ந்திருப்பது பருவம் வந்த ஆணில் மட்டுமே. குட்டிக்கு இல்லாத வித்தை ஒன்று வயதோடு வருகிறது என்று தம்பியிடம் சொல்லுங்கள். துண்டு விளையாட்டை விட இது பெரிது.

உங்கள் வெய்ல்டு வகையிலேயே 2013இல் அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆண்களை எதிரெதிரே விட்டுப் படமெடுத்து அளந்தார்கள். பக்கப் பட்டைகள் அதிகமாகப் பளிச்சிட்ட ஆண் முன்னேறி வந்தது. தலை வேகமாகப் பளிச்சிட்ட ஆண் பெரும்பாலும் வென்றது. தோற்பது நிறத்தைக் கருக்கி, சண்டை வேண்டாம் என்று ஒதுங்கும். ஆகக் கருத்துப்போன பச்சோந்தியை எப்போதும் கோபக்காரன் என்று நினைக்கக் கூடாது, பயந்திருக்கலாம். பாண்டியின் கரும்பச்சை வேறு வகை. முட்டை கட்டிய பெண் இந்த நிறத்தைப் போட்டுக்கொண்டு, மஞ்சளும் நீலமுமாகப் புள்ளி காட்டும். ஆணே வந்தாலும் கிட்டே வராதே என்று அதற்குப் பொருள். நீங்கள் தோல் நோயோ என்று பயந்த புள்ளிகள் அவைதான். மருந்து எதுவும் தடவியிருந்தால் நிறுத்திவிடுங்கள்.

அடுத்து, தம்பியின் அழுகை. அவனை இதில் விட்டுவிடக் கூடாது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். குட்டியாக இருந்தபோது தோளில் ஏறியது பாசத்தால் அல்ல. உயரமான எதிலும் ஏறுவது அதன் புத்தி. பருவம் வந்ததும் தனக்கென்று ஓர் இடம் வேண்டும் என்ற உணர்வு வலுக்கிறது. மேலிருந்து வரும் கை, அதற்குப் பருந்தும் வல்லூறும் வருகிற திசை. வயிற்றில் முட்டையோடு ஓட முடியாத நேரத்தில் சீறத்தான் செய்யும். அது அவனை வெறுக்கவில்லை. அவன் கையை இனி மேலிருந்து கொண்டுபோகாமல், கீழேயிருந்து, கண்ணுக்குத் தெரியும்படி மெல்ல நீட்டி, விரலில் ஒரு வெட்டுக்கிளியைப் பிடித்துக் காத்திருக்கட்டும். ஏறுவதும் ஏறாததும் அவள் விருப்பம். தேறிய பிறகு நாலைந்து வாரத்தில் சிலது பழையபடி கைக்கு வரும், சிலது வராது. இரண்டுமே ஆரோக்கியமான பிராணிதான். கூண்டுக்கு எதிரே பீரோக் கண்ணாடி இருப்பதையும் படத்தில் பார்த்தேன். அதைத் துணியால் மூடுங்கள். நாள் முழுக்க அவள் இன்னொரு பச்சோந்தியை எதிர்த்துக்கொண்டிருக்கிறாள்.

அவனுக்கு வேலை நிறைய இருக்கிறது. ஒரு நோட்டில் தினமும் எடை, தின்றது, மலம், நிறம் எழுதட்டும். சமையலறை டிஜிட்டல் தராசில் ஒரு குச்சியோடு ஏற்றினால் எடை பார்த்துவிடலாம். அந்த நோட்டு இருந்தால் எனக்கும் பாதி நோய் அதிலேயே தெரிந்துவிடும். காலை ஏழிலிருந்து எட்டரைவரை இளவெயிலில் கூண்டோடு வெளியே வைக்க, பாதிக் கூண்டில் நிழல் இருக்கிறதா, பூனை, காக்கை வருகிறதா என்று பார்த்துக்கொள்ள அவனே ஆள். ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயிலில் பயனில்லை. எலும்புக்கு வேண்டிய கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். அது இல்லாமல் எவ்வளவு கால்சியம் கொடுத்தாலும் உடம்பில் சேராது, கால் எலும்பு வளையும், தாடை மெத்தென்றாகும். மழைக்காலத்துக்கு அந்தக் கதிரைத் தரும் யுவிபி விளக்கு ஒன்று வாங்கிவிடுங்கள். இரைக்கு வயல் வெட்டுக்கிளி பிடித்துவருவதென்றால் எச்சரிக்கை. ஆற்றுப் பாசனத்து நெல்லிலும் வாழையிலும் எப்போது மருந்து அடித்தார்கள் என்று நமக்குத் தெரியாது. பூச்சி வளர்க்கிறவர்களிடம் வாங்குங்கள், அல்லது வீட்டிலேயே ஒரு டப்பாவில் வளர்த்து, கேரட்டும் முருங்கைக்கீரையும் போட்டுக் கொழுக்கவைத்துக் கொடுங்கள்.

ஆச்சி சொன்னது இரக்கத்தில் வந்த வார்த்தை. அவர்கள் காலத்தில் விளைக்காட்டு வேம்பிலும் உடைமரத்திலும் பச்சோந்தி பார்த்திருப்பார்கள். அது நம் நாட்டுப் பச்சோந்தி, வேறு இனம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைக் காக்கிறது; பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம். பாண்டி வெளிநாட்டு இனம். அவளைத் தோப்பில் விட்டால் அவளும் சாகலாம், பிழைத்தால் அதைவிடக் கெடுதல். ஹவாயின் மாவி தீவிலும் அமெரிக்காவின் புளோரிடாவிலும் வளர்ப்பிலிருந்து வெளியேறிய இதே வெய்ல்டு பச்சோந்திகள் காட்டில் பெருகிவிட்டன. மாவியில் 2002இலிருந்து அவற்றைத் தேடிப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று. அந்நிய இனம் கொண்டுவரும் ஒட்டுண்ணி நம் பச்சோந்திக்கு என்ன செய்யும் என்று சோதித்துப் பார்க்கிற இடம் அல்ல நம் தோப்புகள். வளர்க்க முடியாமல் போனால் என்னிடம் சொல்லுங்கள், வனத்துறையிடம் பேசி வழி செய்யலாம்.

அதோடு ஒரு காகித வேலை. இந்த இனம் பன்னாட்டு வணிக ஒப்பந்தமான சைட்டிஸின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. 2022இல் திருத்தப்பட்ட நம் சட்டமும், 2024 பிப்ரவரியில் வந்த விதிகளும், இப்படிப்பட்ட பிராணியை வைத்திருப்பவர் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்கின்றன. குஞ்சு பிறந்தாலும், கைமாறினாலும், இறந்தாலும் தெரிவிக்க வேண்டும். கடையில் பதிவுக் காகிதம் தந்ததாக நீங்கள் எழுதவில்லை. பில்லை எடுத்துக்கொண்டு வனத்துறை அலுவலகத்தில் நேரில் போய்க் கேளுங்கள். ஒளித்துவைப்பதைவிட நீங்களாகப் போய்ச் சொல்வது நல்லது. காகிதம் இல்லாமல் ஒரு பிராணி இருந்தால் நாளைக்கு மருத்துவமனைக்குத் தூக்கிப் போகவே தயங்குவீர்கள், அந்தத் தயக்கம் அவளைக் கொன்றுவிடும்.

கடைசியாக, ஜோடி. வேண்டாம், அண்ணாச்சி. மதினியின் கவலை எனக்குப் புரிகிறது. நாம் தனியாக இருந்தால் வாடுவோம், அதனால் அதுவும் வாடும் என்று நினைக்கிறோம். பருவம் வந்த பச்சோந்தி தனியாக இருப்பதைத்தான் விரும்புகிறது. ஒரே கூண்டில் இன்னொன்றைப் பார்த்துக்கொண்டே இருப்பது அதற்கு ஓயாத நெருக்கடி, இரை குறையும், நோய் எளிதில் பற்றும். ஆணைச் சேர்த்தால் முட்டையில் கரு நிற்கும். ஒரு தடவை சேர்ந்த விந்தை உள்ளே சேமித்து, ஆண் இல்லாமலே அடுத்தடுத்த ஈடுகளுக்கும் பயன்படுத்துவாள். அத்தனை குஞ்சுக்கும் தனித்தனிக் கூண்டு, பதிவு, தினம் இரண்டு வேளை இரை என்று ஆகும். இன்னொரு பிராணிக்கு வைத்திருந்த பணத்தில் ஒரு பெரிய வலைக்கூண்டும் யுவிபி விளக்கும் வாங்குங்கள். முட்டையிட்டு மூன்று வாரம் கழித்து, தம்பியின் எடை நோட்டோடு அவளை ஒரு தடவை அழைத்து வாருங்கள். இரத்தத்தில் கால்சியம் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துவிடலாம்.